செம்பூர் சுவரில் ஒரு மஞ்சள் திட்டு

சொசைட்டி காம்பவுண்டு சுவரைச் சுரண்டி பெயிண்ட் அடிக்கப் போவதாக நோட்டீஸ். "அப்பா, அந்த மஞ்சளையுமா சுரண்டுவாங்க?" என்றாள் மகள். அப்போதுதான் பார்த்தேன். பழைய கான்கிரீட்டில் ஆரஞ்சு மஞ்சளில் திட்டுத் திட்டாய்!

அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். தங்கமணி குருமாவில் போடும் கல்பாசிக்கு (மாட்டுங்கா கடைகளில் 'தகட்பூல்') தூரத்துச் சொந்தம்.

சரி, எந்த லைக்கன்? மாட்டுங்காவில் வேதியியல் நடத்தும் நண்பர் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பானது. 'காலோபிளாக்கா' கூட்டம் என்றார். 2013-ல் இதைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்களாம். சரியான பெயருக்கு வித்துகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

இந்தச் சொட்டுச் சோதனையை 1866-ல் சொன்னவர் வில்லியம் நைலாண்டர். நம்மை மாதிரி ஊரைவிட்டு வந்தவர்தான். பின்லாந்தில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு 1863-ல் பாரிஸ் போனார். அதே 1866-ல், லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைப் பட்டியலிட்டு, நல்ல காற்று இருக்கும் இடத்தில்தான் இவை வளரும் என்றார். 1896-ல் பார்த்தால் அந்தத் தோட்டத்தில் லைக்கனே இல்லை. (இவ்வளவு தெரிந்தவர், லைக்கன் என்பது இரண்டு உயிர்களின் கூட்டு என்பதை மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை!)

அப்படியானால் செம்பூரில் எப்படி? பக்கத்து டிராம்பேயில் 1954-55-லேயே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்துவிட்டனவே. விடை சுவரில் இருக்கிறது. புகையின் அமிலத்தைச் சுண்ணாம்பு முறித்துவிடும். அதனால் மரப்பட்டையில் பிழைக்க முடியாத நகரத்திலும் சில லைக்கன்கள் கான்கிரீட்டில் பிழைக்கும். புது கான்கிரீட்டில் காரம் அதிகம், ஒட்டாது. வருஷக்கணக்கில் காற்றுபட்டு காரம் தணிந்த பிறகுதான் குடிவரும்.

இன்னொன்று. மும்பையின் பாறை கருங்கல், சுமார் 6.6 கோடி வருஷத்து எரிமலைக் குழம்பு. சுண்ணாம்பெல்லாம் மனிதன் கொண்டுவந்து பூசியது. தாராவி காலா கில்லா (1737) காலத்தில் கட்டுமானச் சுண்ணாம்பு, பிறகு சிமெண்ட். எங்க திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் மண்ணிலேயே கிடக்கிறது. அதை நம்பித்தான் 1949-ல் சிமெண்ட் ஆலையே வந்தது. அங்கே பாறையில் இருக்கிற ஜாதி, இங்கே வந்தேறி. யாரோ கட்டிய சுவரில் காரம் தணியும்வரை காத்திருந்து ஒட்டிக்கொண்டது. தாராவிக்கு வந்த எங்க ஊர்க்காரர்கள் ஞாபகம் வந்தது.

கமிட்டியில் கெஞ்சிக் கூத்தாடி மூணு அடி சுவரை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். செக்ரட்டரி ஒரு மாதிரியாகப் பார்த்தார் :-)

உங்க வீட்டுச் சுவரையும் சுரண்டுவதற்கு முன் ஒரு தடவை கிட்டப் போய்ப் பாருங்கள்.