யாமமும் தனிமையும்
(திகில் திரைப்படத் தொடக்கங்கள் குறித்து ஒரு நோக்கு)

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் களங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காகக் கூறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த திரைப்படக் கலையும் இந்நான்கைக் கடந்து வெகுதொலைவு சென்றுவிடவில்லை. அணங்கு தோன்றுமுன் அதற்கென ஓர் இடமும் பொழுதும் வேண்டும் என்பதை அக்கலை நன்கு உணர்ந்திருந்தது. நாம் முதற்பொருள் என்று கூறுவது அதுவே. திகில் படங்களின் முதற் காட்சிகள் பெரும்பாலும் அதனை அமைப்பதற்கே செலவாகின்றன. நிலம் ஆளரவமற்றது, பொழுது யாமம். குறிஞ்சித் தலைவன் தலைவியைத் தேடி வந்த அதே யாமத்தில், திரைப்படம் மனிதனைத் துணையின்றி நிறுத்துகிறது.

இந்தியத் திரையில் இதற்கு வழி வகுத்த படம் கமால் அம்ரோகியின் 'மகல்' (1949). புயல் வீசும் இரவில், நெடுநாள் பூட்டிக் கிடந்த மாளிகைக்குள் நாயகன் நுழைகிறான். பேய் எதுவும் தோன்றவில்லை. முதிய தோட்டக்காரன் பழங்கதை சொல்கிறான். பின்னர், அந்த வீட்டிலேயே தன் முகச்சாயலில் ஓர் ஓவியத்தைக் காண்கிறான் நாயகன். தன்னைத் தானே சந்திப்பதைவிடப் பெரிய தனிமை வேறுண்டோ? ராஜ் கோஸ்லாவின் 'வோ கௌன் தீ' (1964) மழை பொழியும் இரவுச் சாலையில் காரோட்டிச் செல்லும் மருத்துவரையும், வழியில் நிற்கும் வெண்புடவைப் பெண்ணையும் காட்டித் தொடங்கியது. அக்கதையே ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க, 1966-இல் தமிழில் 'யார் நீ?' என வெளிவந்தது. இவை அணங்கின் அச்சம்.

விலங்கின் அச்சத்திற்கு ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) சான்று. கடலில் ஒரு பெண் தனியே நீந்துகிறாள். உடன் வந்தவன் மது மயக்கத்தில் கரையில் கிடக்கிறான். சுறா கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அவளை உண்மையில் தனியளாக்கியது கடலன்று, கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் அந்தத் துணையே. ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) கொலையாளியின் கண்களையே நமக்குத் தந்து தொடங்குகிறது. காட்சியின் முடிவில் அக்கண்கள் ஆறு வயதுச் சிறுவனுடையவை என்றறியும்போது, பார்வையாளன் தன்னையே அஞ்சுகிறான்.

நம் தமிழில் இவ்வகையில் முதற்கண் எண்ணத்தக்கவர் எஸ். பாலசந்தர். ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பேய்ப் படமன்று. கொலையின் மர்மத்தைத் துலக்கும் படம். 1943-இல் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள்களே அதன் காலம். படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார். கதாநாயகன் முதற் காட்சியிலேயே இறந்துவிட, கொட்டகையில் இருப்பவர் பற்றிக்கொள்ள ஆளில்லாமற் போகின்றனர். அதனினும் பெரிய துணிவு, படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லாதது. பாட்டென்பது தமிழ்ப் பார்வையாளனுக்கு இளைப்பாறும் திண்ணை. பாலசந்தர் அத்திண்ணையை இடித்தார். படம் பாராட்டும் தேசிய விருதுச் சான்றும் பெற்றது. வசூலில் பெரிதாக வெல்லவில்லை.

இதைச் செய்தவர் இசை அறியாதவர் அல்லர், வீணை வித்தகர். நாதத்தில் தோய்ந்தவருக்கே மௌனத்தின் எடை தெரியும் போலும். 1970-இல் வெளிவந்த அவருடைய 'நடு இரவில்', உறவினரையெல்லாம் தீவொன்றின் பங்களாவில் ஒன்றுசேர்த்து ஒவ்வொருவராய்ப் பலிகொடுத்தது. சுற்றம் சூழ இருந்தும் தனிமை! அதன்பின் அவர் படம் இயக்கவில்லை. 1990-இல் மறையும்வரை வீணையே துணையாயிற்று.

வீரபாண்டியில் வாழும் நமக்கு இது புதிதன்று. இரவெல்லாம் பனியன் எந்திரங்களின் ஓசையில் உறங்கப் பழகியவர்கள் நாம். திடீரென மின்சாரம் நின்று ஓசை அறுபடும் கணத்தில்தான் விழித்துக்கொள்கிறோம். அச்சம் வந்து சேர்வது ஒன்றினால் அன்று. இருந்தது ஒன்று நீங்குவதால். பத்தாண்டுகள் கூடியிருந்து கவிதை படித்த நம் வட்டத்தினர் இதை எண்ணிப் பார்க்கலாம். கவிதையின் முதலடியில் எதைச் சொல்வது என்று தேடுகிறோம். எதை நீக்குவது என்றும் தேடினால் என்ன?