இரண்டு கடல்கள்

பிக்ஸாரின் 'ஃபைண்டிங் நீமோ' 2003இல் வந்தது. ஜப்பானின் கிப்லி நிறுவனம் எடுத்த 'போன்யோ' 2008இல். இரண்டும் நூறு நிமிடத்தை ஒட்டிய படங்கள். இரண்டிலும் ஒரு மீன்குஞ்சு அப்பன் பேச்சைக் கேட்காமல் போய்விட, அப்பன் பதறிக்கொண்டு தேடுகிறான். கதை இவ்வளவு கிட்டத்தில் இருக்க, கடல் மட்டும் எப்படி இவ்வளவு வேறாக இருக்கிறது?

நீமோவின் கடல் கணினியில் பிறந்தது. அதற்காகப் படக்குழுவினர் கடலுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். மீன் எப்படி நீந்தும் என்று மீனியல் அறிஞரிடம் பாடம் கேட்டார்கள். மேலிருந்து விழும் வெளிச்சம் மணலில் நெளிவதும், நீரில் தூசி மிதப்பதும் அத்தனை துல்லியம். சோதனைக் காட்சிகள் நிஜக் கடலைப் படம்பிடித்தது போலவே வந்துவிட்டன. பேசும் மீன்களுக்கு அது ஒட்டாது என்று பிறகு அந்த நிஜத்தைக் குறைத்தார்கள்.

'போன்யோ'வுக்குக் கணினி வரைகலை வேண்டாம் என்று முடிவெடுத்தார் அதன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி. வண்ணம் சேர்த்தது கணினியில்தான்; ஆனால் அசைவெல்லாம் தாளில் பென்சிலால் வரைந்தவை. ஏறக்குறைய 1,70,000 படங்கள். 101 நிமிடத்துக்கு வகுத்துப் பார்த்தால் நொடிக்கு 28. திரையில் நொடிக்கு ஓடுவதோ 24 பிரேம். அலைக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு தாள் என்று ஒரே பிரேமுக்குள் அடுக்குவதால் கணக்கு அப்படி மீறுகிறது. கடலையும் அலையையும் தாமே வரைய விரும்பினார் மியாசாகி.

'போன்யோ'வின் புயல் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மலைப்பாதையில் ஒரு சின்னக் கார் பறக்கிறது. பின்னால் கருநீல அலைகள் கண் முளைத்த பெருமீன்களாக எழுந்து, புரண்டு, மறுபடி தண்ணீராகச் சரிகின்றன. அவற்றின் முதுகில் தாவித் தாவி ஓடிவருகிறாள் செம்முடிச் சிறுமியாக மாறிவிட்ட போன்யோ. எந்த இடத்தில் மீன் முடிந்து நீர் தொடங்கியது என்று எத்தனை முறை நிறுத்தினாலும் பிடிபடவில்லை.

காரணம் கோடுதான் என்று எனக்குப் படுகிறது. நிஜ நீருக்கு விளிம்புக்கோடு கிடையாது. நீமோவின் நீருக்கும் கிடையாது. பென்சில் பிடித்தவருக்கோ கோடு போடாமல் அலை இல்லை. சுற்றிக் கோடு விழுந்ததுமே அலைக்கு ஓர் உடம்பு வந்துவிடுகிறது. உடம்பு வந்தபின் கண் வைக்க எவ்வளவு நேரமாகும்? கணினியாலும் கடலுக்கு உயிர் கொடுக்க முடியும். 2016இல் வந்த 'மோனா'வில் கடல் குழந்தையோடு விளையாடுகிறது. ஆனாலும் அங்கே நாம் பார்ப்பது மாயம் செய்யும் நீர். 'போன்யோ'வில் ஒரு மனிதர் யோசித்து யோசித்துப் போட்ட கோடு நம் கண்முன் மனம் மாறுகிறது. கையால் வரைந்த படத்தை இன்றும் நான் தேடிப் போவது இதற்காகத்தான். பழையதன் மேல் உள்ள ஏக்கத்தால் அல்ல.

இரண்டு படத்திலும் ஜெல்லி மீன்கள் உண்டு. நீமோவைத் தேடிப் போகும் வழியில் அவை இளஞ்சிவப்புக் காடாக இறங்கிவருகின்றன. அப்பனுக்குத் துணையாக வரும் மீன் டோரி அவற்றின் தலைமேல் குதித்துக் குதித்துப் போகிறாள்; தொங்கும் இழை பட்டதும் மயங்கிவிடுகிறாள். பார்க்கும் நம் தோலும் எரிகிறது. அந்த எரிச்சலைக் கொடுக்கப் பென்சிலால் முடியாது.

போன்யோ ஒரு ஜெல்லி மீனின் முதுகில் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறாள். அது அவளைச் சுமந்துகொண்டு மெல்ல மேலே மிதந்து போகிறது.