தோட்டக் குசினியும் தாமான் சமையலறையும்

ஓர் இனத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நாடிச் செல்வது வழக்கம். மக்கள் நாள்தோறும் உண்டு உயிர்வாழ உதவிய அடுப்படியை நாடிச் செல்வோர் சிலரே. ஆயினும் ஒரு குடும்பம் எவ்வளவு ஈட்டியது, எத்தகைய கூரையின்கீழ் வாழ்ந்தது, அக்குடும்பத்துப் பெண்ணின் பொழுது எவ்வாறு கழிந்தது என்பனவற்றைச் சமையலறையைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. மலேசியத் தமிழரின் வாழ்வில் ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தில் நிகழ்ந்த மாற்றங்களை அறிய விரும்புவோர், தோட்டத்து லயத்தில் இருந்த குசினியையும் இன்று சுபாங் ஜெயாவின் இணைப்பு வீடுகளில் புதுப்பிக்கப்படும் சமையலறையையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

தமிழில் சமையலறைக்குப் பெயர்கள் பல. அட்டில் என்பது பழஞ்சொல். அடுக்களை என்பது வீட்டு வழக்கு. மடைப்பள்ளி என்பது கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியது. மலேசியத் தமிழரின் நாவில் பெரிதும் வழங்கிய குசினி என்னும் சொல்லோ போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. பெயர் எதுவாயினும், தூய்மை என்னும் கருத்து அவ்விடத்தோடு தொன்றுதொட்டே பிணைந்துள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் புறத்தே ஆயர் குடியில் தங்கிய கண்ணகி, கோவலனுக்கு உணவு படைக்குமுன் நிலத்தில் நீர் தெளித்துத் தன் கையாலேயே தடவித் தூய்மை செய்வதாக இளங்கோவடிகள் காட்டுகிறார். உணவுக்கு முன் தூய்மை என்னும் நெறியும், அத்தூய்மையைச் செய்வது பெண்ணின் கை என்னும் வழக்கமும் அக்காட்சியிலேயே இடம்பெற்றுவிட்டன.

லயத்து அடுப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்க்குத் தரப்பட்ட குடியிருப்பு லயம் எனப்பட்டது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே நீளத்தில் அமைந்த கட்டடம் அது. அதனுள் ஏறக்குறையப் பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள அறைகள் வரிசையாக இருந்தன. பல லயங்களில் சமையலுக்கெனத் தனியறை கிடையாது. அறைக்கு முன்னிருந்த தாழ்வாரத்திலோ, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட லயங்களாயின் அவற்றின் அடியிலோ மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டினர். உறங்கும் இடத்திற்கும் புகைக்கும் இடையே ஒரு பலகையே தடுப்பாக நின்றது.

அந்த அடுப்பை மூட்டிய பெண் வீட்டோடு இருந்தவள் அல்லள். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுப் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, பால்மரக் காட்டில் வேலை செய்தவள். 1920களின் இறுதியில் சிலாங்கூர் போன்ற பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டன. அவள் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. வீடு திரும்பிய பின் காத்திருந்த அடுப்படி வேலைக்கோ கூலியே இல்லை.

இத்தகைய நெருக்கடியிலும் லயத்துக் குசினி தூய்மையற்றுக் கிடந்தது என்று எண்ணுதல் தவறாகும். மண் அடுப்பைச் சாணமிட்டு மெழுகினர். புளியும் சாம்பலும் கொண்டு பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கினர். வெள்ளிக்கிழமைகளில் அடுப்பை மெழுகிக் கோலமிட்ட பின்னரே உலை ஏற்றினர். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் அரைத்தவுடன் கழுவிக் கவிழ்த்தனர். இன்றைய சமையலறைக் கருவிகளைப் பேணுவதற்குரிய விதிகளின் வேர் இப்பழக்கங்களிலேயே இருக்கிறது.

நோயும் நீரும்

தூய்மைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைக் கிள்ளான் வட்டாரம் கடுமையான பாடமாகவே கற்றது. 1901ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் மாவட்ட அறுவை மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகமும் கிள்ளான் நகரமும் மலேரியாக் காய்ச்சலால் நிலைகுலைந்தன. கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்னும் உண்மை அப்போதுதான் உலகுக்குப் புலப்பட்டிருந்தது. வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்தும் வடிகால்கள் வெட்டியும் நோயைக் கட்டுப்படுத்தினார். பின்னர்த் தோட்டங்களிலும் அம்முறையைப் பரப்பி, 1911இல் தம் பட்டறிவை நூலாகவும் வெளியிட்டார்.

தேங்கி நிற்கும் சிறிதளவு நீரும் உயிரைப் பறிக்கும் என்பதே அவர் பணியின் சாரம். அப்பாடம் நூறாண்டுக்குப் பின் சுபாங் ஜெயாவின் சமையலறைக்குள்ளேயே மீண்டும் கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று. அதனைப் பின்னர்க் காணலாம்.

தோட்டம் நகரமானது

இன்று சுபாங் ஜெயா என வழங்கும் நகரம், ரப்பரும் செம்பனையும் வளர்ந்த சீபீல்ட் தோட்டத்தின் நிலத்தில் எழுந்தது. 1976ஆம் ஆண்டில் அங்கு வீடமைப்புப் பணி தொடங்கியது. 1988இல் யூ.எஸ்.ஜே. எனப்படும் பகுதி தெற்கு நோக்கி விரிந்தது. 1997இல் நகராண்மைக் கழகம் அமைந்தது. 2020இல் சுபாங் ஜெயா மாநகரத் தகுதி பெற்றது. பால்வாளியும் உளியும் சென்ற தடங்களில் தார்ச்சாலைகள் வந்தன. லயங்கள் நின்ற மண்ணில் இணைப்பு வீடுகள் வரிசையாக எழுந்தன.

லயமும் இணைப்பு வீடும் அமைப்பில் ஒன்றையொன்று நினைவூட்டுவன. இரண்டுமே ஒரே கூரை வரிசையில் பக்கச் சுவரைப் பகிர்ந்து கொள்ளும் வீடுகள். ஆனால் இணைப்பு வீட்டின் பின்புறத்தில் சமையலறைக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதற்கு அப்பால் சிறிய முற்றமும் பின்சந்தும் இருந்தன. குழாய் நீரும் மின்சாரமும் வீட்டுக்குள்ளேயே வந்தன. பொதுக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்ற தலைமுறைக்கு, கழுவுதொட்டியின்மேல் திருகினால் நீர் கொட்டும் குழாய் ஒரு புது வாழ்வையே குறித்தது.

தோட்டத்தில் உழைத்தோர் அனைவரும் அந்தப் புது வாழ்வின் பங்காளிகள் ஆகிவிடவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, லயத்தில் வாழ்ந்தோர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. வெளியேறியோரிற் பலர் புறம்போக்குக் குடிசைகளையும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளையும் அடைந்தனர். 1982இல் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என அரசு வரையறுத்தது. நாட்கூலியில் வாழ்ந்தோர்க்கு அதுவும் எளிதாகக் கிட்டிய தொகையன்று. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1966இல் இயற்றப்பட்டு, 1990இல் விரிவான புதிய சட்டமாக மாற்றப்பட்டது. அதற்குள் பல தோட்டங்கள் வரைபடத்திலிருந்தே மறைந்து போயின.

கருவிகளின் வருகை

சமையலறையை அளந்து திட்டமிடும் எண்ணம் மேலைநாட்டில் முதல் உலகப்போருக்குப் பின் வலுப்பெற்றது. 1926இல் செருமனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புக்காக மார்கரெட் சூட்டே லிகோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டு, அடுப்பு, தொட்டி, அலமாரி ஆகியவற்றை அவர் கைக்கெட்டும் தொலைவில் அமைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் சமையலறை அலமாரி வரிசைகளுக்கு அதுவே முன்னோடி எனலாம்.

கருவிகளோ கிழக்கிலிருந்தும் வந்தன. 1955இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கிய மினாமி யோஷிதாதாவின் மனைவி பூமிகோ, நாள்தோறும் சோறு வடித்துப் பார்த்து அளவுகளைக் குறித்துத் தந்தவர். ஒரு பெண்ணின் அடுப்படி அறிவே அக்கருவிக்கு உயிர் தந்தது. மாவு அரைக்கும் மின்கல் 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் சபாபதி என்பவரால் அறிமுகமானதாகக் கூறுவர். 1963இல் சத்திய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளர், தம் மனைவியின் வெளிநாட்டு அரைவைக் கருவி பழுதானதைக் கண்டு, இந்தியச் சமையலுக்கு ஏற்ற சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். மஞ்சளையும் ஊறிய உளுந்தையும் அரைக்கும் வலிமை அதற்கு இருந்தது.

மலாயாவில் 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாகி, 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. 1965ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் சுபாங் ஜெயாவுக்கு அருகிலுள்ள ஷா ஆலாமில் தொழிற்சாலை நிறுவியது. தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்ற இளம்பெண்கள் முதற்சம்பளத்தில் தாய்க்குச் சோற்றுப் பானை வாங்கித் தந்த காலம் அதன் பின்னரே வந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் படிப்படியாகப் பின்முற்றத்திற்கு இடம்பெயர்ந்தன.

பின்புறம் நீண்ட வீடு

இணைப்பு வீட்டில் குடியேறிய குடும்பம் முதலில் மாற்றியமைக்க விரும்பியது பெரும்பாலும் சமையலறையையே. காரணம் வெளிப்படை. தாளிப்பும் மீன்குழம்பும் சம்பலும் அன்றாடம் மணக்கும் வீட்டிற்குச் சிறிய மூடிய அறை போதவில்லை. பின்முற்றத்திற்குக் கூரையிட்டுச் சமையலறையை நீட்டினர். அவ்வாறு பிறந்ததே ஈரச் சமையலறை, உலர் சமையலறை என்னும் மலேசிய அமைப்பு. காற்றோட்டமுள்ள பின்பகுதியில் அரைத்தலும் பொரித்தலும் கழுவுதலும் நடக்கும். உட்பகுதியில் குளிர்பதனப் பெட்டியும் உணவு மேசையும் இருக்கும். தாழ்வாரத்து அடுப்பு புதிய வடிவில் மீண்டும் வந்தது என்றே இதனைக் கொள்ளலாம்.

இவ்வாறு நீட்டுவதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளும் அதனை வலியுறுத்துகின்றன. வெளிச்சமும் காற்றும் புகும் வழியை முற்றிலும் அடைத்துவிட்டால், லயத்துப் புகை பளிங்குச் சுவருக்குள்ளும் புகுந்துவிடும். பின்சந்து வரை சுவரை நீட்டிவிட்டால் தீ விபத்தின்போது தப்பிக்க இடமிராது.

பொருள்களைத் தேர்வதிலும் நாட்டின் தட்பவெப்பம் கருதப்பட வேண்டும். அழுத்திய மரத்தூள் பலகை ஈரம் பட்டால் ஊதிப் பிளக்கும். கறையானும் அதை விரும்பி அரிக்கும். எனவே கழுவுதொட்டியின் கீழ்ப்பகுதியைச் செங்கல்லால் கட்டி ஓடு பதிப்பதும், அலமாரிக்கு அலுமினியத்தைப் பயன்படுத்துவதும் நீடித்த பயன் தருவன. தரை ஓடுகள் வழுக்காதனவாகவும், தரை வடிகால் நோக்கிச் சற்றே சரிந்ததாகவும் இருத்தல் நலம்.

கருவியைப் பேணும் கை

புதுப்பித்த சமையலறை தானே தூய்மையாக இருந்துவிடும் என்பது ஒரு மயக்கம். கருவி பெருகப் பெருகத் துடைக்க வேண்டிய இடங்களும் பெருகுகின்றன. எரிவாயு அடுப்பின் துளைகளில் உணவு படிந்தால் நீலச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தைக் கரியாக்கும். சோப்பு நீரில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைத் திறந்து, நன்கு உலர்த்திய பின்னரே அதனைப் பொருத்த வேண்டும். புகையுறிஞ்சியின் வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு திரண்டால் அதுவே தீக்கு விருந்தாகும். மாவரைக்கும் கல்லை அரைத்தவுடன் கழுவாவிடில் மாவு உலர்ந்து இறுகிவிடும். எந்த மின்கருவியையும் இணைப்பைப் பிடுங்கிய பின்னரே துடைத்தல் வேண்டும்.

குளிர்பதனப் பெட்டியில் கதவோரத்து ரப்பர் மடிப்பில் அழுக்குச் சேர்ந்தால் கதவு இறுகாமல் குளிர் கசியும். பலவகைப் பெட்டிகளின் பின்புறத்தில் நீர் சேரும் தட்டு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் அதை மறப்போர் பலர். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த அந்நீரிலும் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே வாரம் ஒருமுறை அத்தட்டைக் கழுவுதல் இன்றியமையாதது. சதுப்பு நிலத்தில் வாட்சன் நடத்திய போராட்டத்தின் தொடர்ச்சி அச்சிறு தட்டிலும் நடைபெறுகிறது.

முடிவுரை

அடுப்பு மாறியது, சுவர் மாறியது, அரைக்கும் கல் மாறியது. மாறத் தயங்குவது ஒன்றே. விடியுமுன் அடுப்பை மெழுகிய தோட்டத்துப் பெண்ணின் பேத்தி, இன்று அலுவலகத்திலிருந்து திரும்பிய பின் பளிங்கு மேடையைத் துடைக்கிறாள். அவள் கூலி உயர்ந்திருக்கிறது. வீட்டில் அவள் வேலை பகிரப்பட்டிருக்கிறதா என்பதே வினா. பல்லாயிரம் வெள்ளி செலவிட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும் குடும்பம், அதனைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பை மட்டும் பழைய முறையிலேயே விட்டுவைக்குமாயின் அப்புதுப்பிப்பு சுவரோடு நின்றுவிடும். கணவனும் மகனும் வடிகட்டியைக் கழுவவும் நீர்த்தட்டைக் கவிழ்க்கவும் முன்வரும் நாளில்தான் அச்சமையலறை உண்மையாகவே புதியதாகும்.

சீபீல்ட் மண்ணில் அடுப்பு மூட்டி உண்டு, அந்நிலத்தை வளப்படுத்திவிட்டுச் சென்ற தலைமுறைக்கு நினைவுச் சின்னம் எழுப்புவோர் எழுப்பட்டும். பின்முற்றத்து மூலையில் கிடக்கும் அவர்களின் ஆட்டுக்கல்லைக் கழுவி, அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது ஒவ்வொரு வீட்டாராலும் இயலும்.