செஞ்சிக்குச் சரித்திரம் எழுதிய வாத்தியார்கள்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதுமே செஞ்சியைப் பற்றித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். "இன்ஜினியருக்கு எதுக்கப்பா சரித்திரம்?" என்று சீனியர்கள் சிரிக்கலாம். பரவாயில்லை, சிரித்துவிட்டுப் படியுங்கள்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டுக் கோட்டை நம்ம செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி ஏற வருகிறவர்கள் தேசிங்குராஜன் கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தக் கோட்டையின் வரலாற்றை நூலாக்கித் தந்தவர் யார் என்று கேட்பாரில்லை. அவர் ஒரு கல்லூரி வாத்தியார்! பச்சையப்பன் கல்லூரியிலும் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் வரலாறு கற்பித்த பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரி. செஞ்சியையும் அதன் ஆட்சியாளர்களையும் பற்றிய அவருடைய ஆங்கில நூலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்டது.

அது லேசான வேலையில்லை. நாயக்கர் காலத்துக்கு யேசு சபைப் பாதிரியார்களின் கடிதங்கள். 1690 முதல் 1698 வரை நீண்ட மொகலாய முற்றுகைக்குப் பாரசீகக் குறிப்புகள். சிவாஜி 1677-இல் பிடித்ததற்கு மராத்தி. 1750-க்குப் பிறகு பிரெஞ்சு ஆவணங்கள். இத்தனை மொழியும் ஒருத்தருக்கே கைவருமா? இப்படிப்பட்ட ஆராய்ச்சியில் இறங்கினவர் சக ஆசிரியர்களைக் கேட்காமல் ஒரு அடி நகர முடியாது.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த நூல் மட்டுமல்ல, அதன் அக்கம்பக்கம். 1942-இல் விருத்தகிரீசன் எழுதிய தஞ்சை நாயக்கர் வரலாறு வந்தது, பதிப்பாசிரியர் சீனிவாசாச்சாரி. 1944-இல் சி. கே. சீனிவாசனின் கர்நாடகத்து மராட்டியர் ஆட்சி பற்றிய நூல். அதற்கும் பதிப்பாசிரியர் அவரே. வருஷங்களைப் பாருங்கள்: நடுவில் தன்னுடைய நூல், முன்னும் பின்னும் மற்றவர்களுடைய நூல்கள். யுத்த காலம் வேறு. ஒரு பிரதியை வரிவரியாகப் படித்துத் திருத்துவது சொந்தமாக எழுதுவதைவிடச் சலிப்பான வேலை என்று பேராசிரிய நண்பர் ஒருவர் எனக்குச் சொல்வதுண்டு.

இந்தப் பழக்கம் அவரோடு தொடங்கியதல்ல. மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியவர் ஆர். சத்தியநாத ஐயர். 1924-இல் அதை முகவுரையும் குறிப்புகளும் சேர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்தவர், அங்கே பேராசிரியராக இருந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். அந்தச் சத்தியநாத ஐயரே பின்னாளில் அண்ணாமலையில் வரலாற்றுப் பேராசிரியரானார். ஆக மதுரை, தஞ்சை, செஞ்சி மூன்று நாயக்க அரசுகளுக்கும் ஆங்கிலத்தில் வரலாறு கிடைத்தது இந்தச் சின்ன வட்டத்திலிருந்துதான்.

எங்கள் தொழிலில் ஜூனியர் போட்ட டிராயிங்கை சீனியர் செக் செய்து கையெழுத்துப் போட்டால்தான் சைட்டுக்குப் போகும். கல்லூரியிலோ, புதிதாகச் சேர்ந்தவர் கையில் டைம்டேபிளைக் கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். சர்க்கார் இதைக் கவனிக்காமல் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் மேற்படிப்புப் படிக்க 1970-இல் ஒரு திட்டம் வந்தது. 1986 கல்விக் கொள்கைக்குப் பின், 1987-இல் பல்கலைக்கழக மானியக் குழு, அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களை ஆரம்பித்தது. 2015-இல் ஒரு பெயர் மாற்றம், 2023-இல் மாளவியா பெயரில் இன்னொன்று. பயிற்சி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சில வாரத்தில் அது முடிந்துவிடும். சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்பில் போய்ச் சேரும். திரும்பி வந்தவருடைய முதல் ஆய்வுக் கட்டுரையை யார் படித்துச் சொல்வது? வருஷா வருஷம் வேலை நீடிக்குமா என்று காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் நிலைமை இன்னும் மோசம். யாரிடம் போய்க் கேட்பார், பாவம்! நடுவயதுப் பேராசிரியருக்கும் துணை வேண்டும். துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த மறுநாளே அவரிடம் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

நம் சங்கம் கல்லூரிக்கு ஃபேன் கொடுத்திருக்கிறது, பீரோ கொடுத்திருக்கிறது. ஓய்வு பெற்ற நம் பேராசிரியர்களில் விருப்பமுள்ளவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு வந்து, இளம் ஆசிரியர்களின் கட்டுரைகளைப் படித்துப் பேச ஓர் அறையும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தால் என்ன? வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருத்தர் வேண்டும்.