உப்புக்கும் ரப்பர் புழுவுக்கும் என்ன உறவு?

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, மரக்காணம் முகத்துவாரத்தில் கொடுவா கிடைக்குமா என்று நின்றிருந்தேன். கையில் இணையத்தில் வாங்கின ரப்பர் புழு பாக்கெட். 'குளிர்ந்த நீருக்கு' என்று மேலே போட்டிருந்தது. பக்கத்தில் இறாலைக் குத்திக் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றை வாங்கி நசுக்கிப் பார்த்தார். "இது எதுல பண்றாங்க தம்பி?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

கதை அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் தொடங்குகிறது. 1926ல் குட்ரிச் டயர் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் உதவாது என்று நினைத்திருந்த பிவிசியை, எளிதில் ஆவியாகாத ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை. வளைகிற, துள்ளுகிற ஒரு பொருள் கிடைத்தது. அதே ஊரில் 1949ல் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி, நிஜ மண்புழுவை வைத்து அச்சு எடுத்து, வீட்டு அடுப்படியில் வினைல் புழு வார்த்தார். இன்றைக்கு விற்கிற ரப்பர் இரைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

இதில் நம்ம ஊர் எங்கே வருகிறது? பிவிசி எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். குளோரின் வருவது உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி. நான் நின்ற இடத்துக்குப் பின்னால், மழைத்தண்ணீர் மூடிக் கிடந்த பாத்திகளில் விளைகிற அதே பொருள்தான்! (புழுவில் பிவிசியைவிட அதை இளக்கும் எண்ணெய்தான் அதிகம் இருக்கும், அது வேறு கணக்கு.)

அந்த எண்ணெயில்தான் குளிர்நீர் சூட்சுமமே. குளிரில் பிவிசி விறைக்கும், வால் ஆடாது. அதனால் எண்ணெயைக் கூட்டுகிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் மீனும் மந்தம், இரையைத் துரத்தாது. எனவே சின்னதாக, மெலிசாக, நேர்வால் உள்ளதை எடுத்து மெதுவாக இழுக்க வேண்டும். வார்க்கும்போது உப்புத்தூள் கலந்தால் வேகமாக மூழ்கும். மெதுவாக இறங்க வேண்டுமென்றால் உப்பைக் குறைக்க வேண்டும். பிளேடால் வாலை இரண்டாகக் கீறினால் சும்மா கிடந்தாலே ஆடும்.

நம்ம கடற்கரையின் மார்கழிக் குளிர் அமெரிக்க ஏரிக்குக் கோடை. இங்கே அந்தப் புழு கொழகொழவென்று ஆகி, நாலு வீச்சில் கொக்கியிலிருந்து கிழிந்து விழுந்தது. போதாததற்கு, கசிந்த எண்ணெய் என் பிளாஸ்டிக் பெட்டியின் அடியையே இளக்கிவிட்டது. கொஞ்சம் கெட்டியான, துடுப்புவால் வகைதான் இந்தத் தண்ணீருக்குச் சரி. வாங்குவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம்.

அடுத்த தடவை போனபோது பெரியவரிடம் உப்புக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "அறுந்து போனா கரைஞ்சிருமா?" என்றார்.

கரையாது என்றேன். அன்றைக்கு இரண்டு போயிருந்தது.