கொடிக்கயிறு யார் கையில்?

தேசியக் கொடின்னதும் மூணு நிறம், 24 ஆரம் இருக்கிற அசோகச் சக்கரம், இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்போம். 1947 ஜூலை 22-ல அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏத்துக்கிச்சு. இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது அந்தக் கொடியோட கயிறைப் பத்தி. அதை இழுக்கிற உரிமை யாருக்கு?

1932 ஜனவரிக்குப் போவோம். அப்போ இருந்தது ராட்டை போட்ட மூவர்ணக் கொடி. திருப்பூர் ஊர்வலத்துல போலீஸ் தடியடி. மண்டை உடைஞ்சும் கொடியை விடாத குமரன், 11-ம் தேதி இறந்துபோனார். அதனாலதான் அவர் 'கொடிகாத்த குமரன்'. அதே மாசம் 26-ம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில யூனியன் ஜாக் பறந்த கொடிமரத்துல ஆர்யா பாஷ்யம் ஏறி, நம்ம கொடியைப் பறக்கவிட்டார்.

சுதந்திரம் வந்துச்சு. ஆனா அதே கோட்டையில ஆகஸ்ட் 15-க்குக் கொடி ஏத்தினது ஆளுநர். மக்கள் ஓட்டுப் போட்டு வந்த முதலமைச்சருக்கு அந்த உரிமை இல்ல. இது என்ன நியாயம்னு கலைஞர் கருணாநிதி பிரதமர் இந்திரா காந்திகிட்ட எடுத்துச் சொன்னார். 1974 ஆகஸ்ட் 15-லிருந்து நாடு முழுக்க முதலமைச்சர்கள்தான் ஏத்துறாங்க. குடியரசு தினத்துக்கு ஆளுநர்.

சரி, கோட்டையில தீர்ந்துபோச்சு. கிராமத்துல?

இங்க நம்ம உத்திரமேரூரைக் கொஞ்சம் பார்க்கணும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகச் சோழன் காலத்து, 919, 921-ம் வருஷக் கல்வெட்டுகள் இருக்கு. 30 குடும்பு, அதாவது வார்டு. ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவர் பேர் குடத்துக்குள்ளயே போகாது. செம ரூல்ஸ்!

ஆனா இன்னொரு பக்கமும் அதே சுவர்லதான் இருக்கு. நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருக்கணும். அது பிராமணர்களோட சபை. பெண்களுக்கும் ஊர்ல உழுது பிழைச்சவங்களுக்கும் அந்தக் குடத்துல ஓலையே கிடையாது.

இன்னைக்கு இடஒதுக்கீட்டால அந்த ஓலை கிடைச்சிருச்சு. கயிறு கிடைச்சுதா? 2020 ஆகஸ்ட் 15. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். தேர்தல்ல ஜெயிச்சு ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைக் கொடி ஏத்தவிடல. செய்தி வெளிய வந்து, சில நாள்ல மாவட்ட ஆட்சியரே நேர்ல போய், அவங்க கையால ஏத்த வெச்சாங்க. அதோட முடியல. ஜாதியைக் காட்டி ஊராட்சித் தலைவர்களைத் தடுக்கக் கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்ல தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்துச்சு.

நம்ம ஐடி பாஷையில சொன்னா, அட்மின்னு பேர் போட்டுட்டு பாஸ்வேர்டைக் கொடுக்காம வெச்சிருக்கிற கதை. நாற்காலி ஒருத்தருக்கு, அதிகாரம் இன்னொருத்தருக்கு. கொடி ஏத்துற அந்த ஒரு நிமிஷத்துல இது ஊருக்கே தெரிஞ்சுபோகும். தடுக்கிறவங்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்னும் புரியும்.

அடுத்த ஆகஸ்ட் 15-க்கு லாங் வீக்கெண்ட்ல ஊருக்குப் போனா, பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க. அன்னைக்கு கிராம சபையும் நடக்கும். தலைவர் யாருன்னு கேளுங்க, கயிறை இழுக்கிறது யாருன்னு பாருங்க. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா, தாராளமா கை தட்டுங்க. இல்லன்னா, ஏன்னு சபையிலயே எழுந்து கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.