சாமியாரும் அமைச்சரும்: லக்குபாய் பாதக் வழக்கு

ராஜகுரு மரபு, அதாவது ஆள்பவருக்குத் துறவி ஆலோசனை கூறும் வழக்கம், மக்களாட்சியில் விளைவித்த சிக்கலுக்கு லக்குபாய் பாதக் வழக்கு சான்றாகும். இங்கிலாந்தில் ஊறுகாய் வணிகம் செய்த பாதக், இந்தியாவுக்குக் காகிதக்கூழ் வழங்கும் ஒப்பந்தத்தை நாடி, நெற்றி நிறையத் திலகமும் கழுத்தில் உருத்திராக்கமுமாக வலம்வந்த செல்வந்தச் சாமியார் சந்திராசாமியிடம் 1983-இல் 1 லட்சம் டாலர் கொடுத்து ஏமாந்ததாகவும், அன்றைய வெளியுறவு அமைச்சர் பி.வி. நரசிம்ம ராவுக்கும் அதில் பங்குண்டு என்றும் குற்றம் சாட்டினார். குற்றச்சாட்டின் உண்மை எதுவாயினும், அரசு ஒப்பந்தத்துக்குத் துறை அலுவலகத்தை விட்டுச் சாமியாரை அணுகலாம் என்று ஒரு வணிகர் நம்பும் நிலை இருந்ததே வேதனைக்குரியது. பிரதமர் பதவியை இழந்த ராவ், 1996-இல் இவ்வழக்கில் சேர்க்கப்பட்டு, செப்டம்பரில் காங்கிரஸ் தலைமையிலிருந்தும் விலகினார். 2003 டிசம்பரில் தில்லி சிறப்பு நீதிமன்றம் போதிய சான்றில்லை என்று அவரையும் சந்திராசாமியையும் விடுவித்தது.